திருத்திக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், பிள்ளைகளுக்கும், வெளியூரில் இருந்தபடியே பழைய போட்டோக்களைத் தேடி அனுப்பிய நம் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் 1, கிராம சபை நடந்த அன்று பள்ளிக்கூடத்தில் வைத்த ஊர் வரலாற்றுக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பெஞ்சுகளைப் பழையபடி அடுக்கி, சுவரில் ஒட்டிய டேப்பைச் சுண்ணாம்பு பெயராமல் உரித்து, இரவல் வாங்கிய பொருள்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்த பிறகு இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. அன்றைக்கு நன்றி சொல்ல எழுந்தபோது மைக் நின்றுவிட்டது. பதற்றத்தில் பாதிப் பேரை நானும் விட்டுவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் இதில் யார் பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, ஊர் நிலக் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டு மருமகளுக்கு. எங்கள் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

மேலத் தெருவில் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து ஏரித் தண்ணீர் முறை எழுதிய பத்திரம் ஒன்று கிடைத்தது. எந்தக் கழனிக்கு எந்த நாள் மடை திறப்பது என்று நான்கு பேர் கையெழுத்தும் இரண்டு பேர் கைநாட்டும் வைத்த பத்திரம். தலைப்பில் ‘பசலி 1320’ என்று தெளிவாக இருந்தது. நாங்கள் துள்ளிக் குதித்து, ‘700 ஆண்டுப் பழமையான ஆவணம்’ என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி ஒட்டிவிட்டோம். முத்திரைத்தாளில் வெள்ளைக்கார ராஜாவின் தலை இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை!

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த அம்மா வந்தார். மாமனார் கணக்கு எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவர். 1980-ல் பரம்பரைக் கர்ணம் வேலை ஒழிந்தபோது அவர்கள் வீட்டில் கணக்குப் புத்தகங்கள் போயின, கணக்கு மட்டும் போகவில்லை. அட்டையைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டார்: “பசலியோட 590 கூட்டணும்னு யாரும் சொல்லலையா?”

அப்புறம் பொறுமையாக விளக்கினார். பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு. அறுவடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, மொகலாயர் காலத்து வழக்கம். நம் பக்கம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடைப்பட்ட தேதி என்றால் 591 கூட்ட வேண்டும். பத்திரத்தில் தை மாதம் என்று இருப்பதால் 1911. இரண்டாவது வரியில் ‘சாதாரண வருஷம்’ என்று இருந்ததை, பஞ்சமோ வெள்ளமோ இல்லாத சாதாரணமான வருஷம் போலிருக்கிறது என்று நாங்கள் விட்டிருந்தோம். அது அறுபது தமிழ் ஆண்டுகளில் நாற்பத்து நான்காவதின் பெயராம். 1910 சித்திரையில் பிறந்தது சாதாரண வருஷம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் 1850-ம் சாதாரண வருஷம்தான், 1970-ம் சாதாரண வருஷம்தான். பக்கத்தில் பசலி இருந்ததால்தான் எது என்று பிடிபட்டது.

நமது ஆவணத்துக்கு அறுநூறு வயது குறைந்தது. ஆனால் இப்போது அது எந்த மாதத்தில் எழுதியது என்பதுவரை தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக அட்டையை மாற்றி எழுதிய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கும் நன்றி. அவர்கள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

அடுத்தது மதகுக் கல். ஏரி மதகுப் பக்கம் குப்புறக் கிடந்து, மூன்று தலைமுறையாகத் துணி துவைக்கப் பயன்பட்ட அந்தப் பலகைக் கல்லைப் புரட்டிப் போட எட்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு விரல் நசுங்கியது, இப்போது சரியாகிவிட்டது. அடிப்பக்கத்தில் இடது கையில் வில்லும் வலது கையில் குறுவாளுமாக ஒரு வீரன் நின்றான். நம் செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது என்பது தெரிந்ததுதான். ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, கவரவும் மீட்கவும் போய்ச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் இந்தப் பக்கம் ஏராளம். பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே கல் உண்டு. நாய்க்கும் சேவலுக்கும் எழுத்து இருக்கும்போது நம் வீரனுக்கும் ஒரு பெயர் கிடைக்காதா என்ற ஆசை எங்களுக்கு.

இளைஞர்கள் சிலர் கல்லின் மேல் ஓரத்தில் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தான வட்டெழுத்தைப் பார்த்தே விட்டார்கள். ‘கோ’ என்று தொடங்குகிறது என்று ஒருவன் சத்தியம் செய்தான். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்தார். கல்லைக் கழுவி, ஈரத்தாளை விரித்து, பிரஷால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்கி, ஓரளவு காய்ந்ததும் மை ஒற்றிப் படி எடுத்தார். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாக அடித்தும் பார்த்தார். கடைசியில், “தம்பி, இது எழுத்து இல்லை, அரிவாள் தீட்டின தடம்” என்றார்.

எல்லார் முகமும் தொங்கிப்போனது. அவர் நினைத்திருந்தால் ஏதாவது ஒரு ராஜா பெயரைச் சொல்லி, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். எழுத்து இல்லாத கல்லுக்கு நூற்றாண்டு சொல்வதற்கே யோசிக்க வேண்டும் என்றார். அதனால்தான் கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே ‘வீரன், பெயர் தெரியவில்லை’ என்று மட்டும் போட்டோம். அவருக்கு நம் ஊரின் நன்றி. வழிச்செலவுக்குக் கொடுத்ததையும் வாங்க மறுத்துவிட்டார்.

கோயில் திண்ணையில் ஆங்கில எழுத்து வெட்டிய சதுரக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் புதையலுக்கு வைத்த அடையாளம் என்று சொல்லி, ஒரு காலத்தில் அதைச் சுற்றித் தோண்டியவர்கள் உண்டு. அவர்கள் யார் என்பதை எழுத மாட்டேன். ‘ஜி.டி.எஸ். பி.எம்.’ என்ற எழுத்துகளைப் பார்த்ததும், ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: கடல் மட்டத்திலிருந்து உயரம் குறித்த மட்டக் கல். 1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த பெரிய நில அளவைத் திட்டத்தின் பெயரைத்தான் அந்த முதல் மூன்று எழுத்துகள் சொல்கின்றன. புதையல் போனது. ஆனால் அன்றைக்கு அதிகம் பேர் நின்று போட்டோ எடுத்தது அந்தத் திண்ணையில்தான்.

இனி நான் மேடையில் சொல்ல மறந்தவர். நம் ஊர்க்காரரே இல்லை. சாலை அகலப்படுத்தும் வேலைக்கு வந்த ஜேசிபி டிரைவர்.

ஊர் எல்லையில் புளியமரத்தடியில் இருந்த சுமைதாங்கியை அகற்ற வேண்டியிருந்தது. இரண்டு கால் கல், மேலே ஒரு படுக்கைக் கல். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்ற வைத்தது. இப்போது யார் தலையில் சுமக்கிறார்கள்? ஒரு இடி இடித்தால் தூளாகியிருக்கும். யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அந்தப் பையன் வண்டியை நிறுத்திவிட்டு, டீக்கடையில் வந்து, “இது யாருக்கோ வச்ச கல்லுங்க, எங்க ஊர்லயும் இருக்கு” என்று சொல்லி, பெல்ட் போட்டு மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாகப் படுக்க வைத்திருக்கிறான். அரை நாள் வேலை. இது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பிள்ளையைப் பெற்றெடுக்காமல் வயிற்றுச் சுமையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமை பிறர் இறக்கி வைப்பதால் தீரும் என்று நம்பினார்கள். நம் சுமைதாங்கி யாருக்கு வைத்தது என்று ஊரில் விசாரித்தோம். பலருக்கும் தெரியவில்லை. கீழத் தெரு ஆயாவிடம் போனபோது, அவர் கேழ்வரகு புடைத்துக்கொண்டே, “எங்க அம்மாவோட அத்தைக்கு” என்றார். பெயரையும் சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார். எழுதவில்லை.

அதே ஆயாவிடம்தான் கொல்லைப் பெயர்களும் இருந்தன. கணினிப் பட்டாவில் புல எண்தான் இருக்கிறது. அவரோ திண்ணையில் உட்கார்ந்தபடியே நாவமரத்துக் கொல்லை, சாவடி மேடு, நரிப் பள்ளம், ஒத்தப்பனைக் கழனி என்று கிழக்கிலிருந்து மேற்காக ஒன்று விடாமல் சொன்னார். நாவமரம் இல்லை, சாவடி இல்லை, நரியைப் பார்த்தவரும் இல்லை. பிள்ளைகள் புல வரைபடத்தை விரித்து ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் எழுத, நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது. கண்காட்சியிலேயே எனக்குப் பிடித்தது இந்தப் படம்தான். வந்தவர்கள் முதலில் தங்கள் நிலத்தைத் தேடினார்கள். பிறகு விற்றுவிட்ட நிலத்தையும் தேடினார்கள். இரண்டு பெயர் தப்பு என்று ஒரு தாத்தா பேனா வாங்கித் திருத்திவிட்டார். ஆயா அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு பேருக்குமே நன்றி.

அறை கொடுத்த தலைமை ஆசிரியைக்கும், கூட்டத்துக்கு நடுவில் நேரம் ஒதுக்கிய ஊராட்சி மன்றத்துக்கும், வந்தவர்களுக்கெல்லாம் மோர் கலந்து கொடுத்த மகளிர் குழுவினருக்கும், ‘நயா பைசா’ காசுகளைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று காவல் காத்த சிறுவனுக்கும் நன்றி.

ஒரு சின்னச் செய்தி. அளவைகள் மேசையிலிருந்த ஆழாக்கு, படி, மரக்கால் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. வாய் ஓரம் லேசாக நெளிந்த பித்தளை உழக்கு ஒன்று மட்டும் மீந்திருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு என்று காட்டப் பிள்ளைகள் மணல் கொட்டி அளந்தார்களே, அதுதான். அந்த நெளிசல் எங்களால் ஆனது இல்லை என்று நினைக்கிறேன். உழக்கு நூலகத்தில் இருக்கிறது. உரியவர் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.