டச்சுச் சொல்லை எங்கே உடைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் நீளமான சொற்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் 49 எழுத்துள்ள டச்சுச் சொல் ஒன்று, வரி முடிவில் ‘கிண்டர்கார்னவல் - சொப்டொக்ட்...’ என்று உடைந்திருந்தது. அச்சுப்பிழை என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே கட்டுரை, ‘டச்சுக்காரர்கள் சொற்களை இஷ்டம்போல் ஒட்டிக்கொள்வார்கள்’ என்கிறது. ஒட்டுவதற்கு விதி உண்டு. அந்த உடைப்பு மீறியதும் அதைத்தான்.

சொல்லைக் கழற்றிப் பார்ப்போம்: கிண்டர் (குழந்தைகள்), கார்னவல்ஸ் (களியாட்டம்), ஒப்டொக்ட் (ஊர்வலம்), வோர்பெரைடிங்ஸ் (ஆயத்தம்), வெர்க்சாம்ஹேடன் (பணிகள்). குழந்தைகளின் களியாட்ட ஊர்வலத்துக்கான ஆயத்தப் பணிகள், அவ்வளவுதான். தமிழைப் போலவே தலைமைச் சொல் கடைசியில் நிற்கும். பெயருக்கு முன்னால் தனியே நிற்கும் ‘டெ’, ‘ஹெட்’ என்ற சுட்டும் அதைப் பார்த்தே வரும். வீடு ‘ஹெட் ஹய்ஸ்’, கதவு ‘டெ டூர்’. வீட்டுக்கதவு ‘டெ ஹய்ஸ்டூர்’.

கார்னவலுக்குப் பின் வரும் ‘ஸ்’ சாரியை. புளியம்பழத்தில் ‘அம்’ வருகிறதே, அதே வேலை. ‘இங்’ என்று முடியும் பெயர்ச்சொல் முன்னே நின்றால் பெரும்பாலும் இந்த ‘ஸ்’ கேட்கும். ஒப்டொக்ட்டுக்குப் பின் சாரியையே இல்லை.

தமிழர் கை தவறுவது இங்கேதான். உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று படித்து வளர்ந்த நமக்கு, ‘ஸ்’ஸும் ‘ஒ’வும் சேர்ந்து ‘ஸொ’ ஆகிவிடுகிறது. டச்சிலும் தனிச்சொல்லுக்குள் அப்படித்தான்: தண்ணீர் ‘வா-டர்’ என்றே பிரியும். கூட்டுச்சொல்லில் மட்டும் இரு சொற்கள் சேரும் மூட்டு கலையாமல் அப்படியே நிற்கும். சாரியை முன்சொல்லோடு தங்கிவிடும். ஆக அசைகள் கின்-டர்-கார்-ன-வல்ஸ்-ஒப்-டொக்ட் என்று போய் மொத்தம் 15 ஆகும்.

மூட்டை மாற்றினால் பொருளே மாறும். ‘வல்கய்ல்’ என்பதை வல்+கய்ல் என்று பிரித்தால் விலங்கு விழும் பொறிக்குழி. வல்க்+அய்ல் என்றால் வல்லூறும் ஆந்தையும். பலகை, தாமரை என்று நாம் காட்டும் பொதுமொழிக்கு (சேர்ந்து நின்றால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள்) இது பக்கத்து வீடு. காதுக்கும் ஒரு துப்பு உண்டு: லகரமும் ககரமும் ஒரே அசையில் இருந்தால் பலர் இடையில் ஓர் உயிரைச் செருகி ‘வலெக்’ என்பார்கள். குழியைச் சொல்லும்போது அது வராது.

அழுத்தம் பொதுவாக முதல் உறுப்பில் விழும். 15 அசை இருந்தாலும் முழு எடை ‘கின்’ மேல்தான். மற்ற உறுப்புகளுக்குச் சிறு அழுத்தம். விலக்குகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். நகர மன்றமான ‘ஸ்டட்ஹய்ஸ்’, மேயரைக் குறிக்கும் ‘பர்கெமேஸ்டர்’ இரண்டிலும் பின்பாதி ஓங்கும். ஆம்ஸ்டர்டாமிலும் ‘டாம்’தான் ஓங்கும். நம் வானொலிகளில் எப்போதும் ‘ஆம்’தான்.

எழுத்தை மட்டும் நம்பியும் ஒலிபெயர்க்க வேண்டாம். தோசை போன்ற ‘பன்னெகூக்’ என்ற பண்டத்துக்கு 1995 எழுத்துச் சீர்திருத்தம் நடுவில் ஒரு னகரம் சேர்த்தது. சட்டிக்குரிய சொல்லின் பன்மை னகரத்தில் முடிவதே காரணம். பெரும்பாலோர் வாயில் அந்த னகரம் இன்றும் வருவதில்லை. தமிழில் ‘பன்னென்கூக்’ என்று எழுதுவது கண்ணுக்குச் சரி, காதுக்குத் தவறு.

அந்த 49 எழுத்துச் சொல் மறுபடியும் வரியில் அடங்காவிட்டால், ‘கார்னவல்ஸ்’ முடிந்ததும் உடையுங்கள். அதற்கும் இடம் போதாவிட்டால் ‘கிண்டர்’ முடிந்ததும் உடைக்கலாம்.

இப்படிக்கு,
டச்சு மொழிபெயர்ப்பாளர் ஒருவர்