முடியாவிட்டால் படகைத் தொட்டுவிடு

அன்புள்ள கண்ணுக்கு,

போனில் பேசினால் உன் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

நீ ஆங்கிலக் கால்வாயை நீந்திப் பணம் திரட்டப்போவதை, சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் பணம் என்றதும் தலையாட்டினார்கள். அதற்கு உன் மகள் எதற்குக் கால்வாயில் நீந்தணும் என்றார்கள். நம்ம தடப்பள்ளி வாய்க்கால் மாதிரி என்று நினைப்பு! இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே 33 கிலோமீட்டர் கடல், கோபியில் இறங்கினால் ஈரோடு வரைக்கும் தண்ணிக்குள்ளேயே என்றேன். அப்புறம்தான் கை மடியைத் தேடியது. 1994-இல் ஈரோட்டுக் குற்றாலீஸ்வரன் 12 வயதில் அதை நீந்தியதும் ஒருவருக்கு ஞாபகம் வந்தது.

ஒரு பாட்டி பால் பணத்திலிருந்து 100 ரூபாய் எடுத்தார். மக்களைத் தேடி மருத்துவத்தில் அவருக்கு வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். "எனக்குத் திண்ணையிலயே கெடைக்குதுங்க. பர்கூர் மலையில ரோடு இல்லாத ஊர்ல புள்ளத்தாச்சியத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வாராங்களாமா" என்றார்.

நீ அனுப்பிய விதிகளைப் படித்தேன். ரப்பர் உடுப்பு கூடாது. தண்ணீர் 16 டிகிரியாம். நம்ம வாய்க்காலின் மார்கழித் தண்ணீர்கூட அதற்கு வெந்நீர்தான். கூடவே வரும் படகிலிருந்து குடிக்கிறதைக் கயிற்றில் கட்டிப் போடுவார்கள், ஆனால் அந்தப் படகைத் தொட்டால் அதோடு முடிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றில் பழகும்போது மிதக்க உன் முதுகில் காய்ந்த சுரைப்புருடை, இடுப்பில் கயிறு. மேலே உன் தாத்தா, அப்பாரு, பிடித்திருப்பார். பயமாக இருந்தால் ரெண்டு இழுப்பு இழு சாமி என்பார். ஒரு தடவைகூட நீ இழுத்ததில்லை. உதடு நீலம் பாய்ந்த அன்றைக்கு அவராகவே இழுத்துக் கரையேற்றினார். ராத்திரி வரைக்கும் நீ அவரோடு பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், முடியாவிட்டால் தொட்டுவிடு. கரை சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரணுமா என்று சொசைட்டியில் கேட்டே விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பாட்டிக்கு மட்டும் கோபம். "புள்ளைய வெச்சு பந்தயமா கட்டுனோம்?" என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை 18,450 ரூபாய். யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டிலில் கரைத்துக் கொடுக்கச் சொல்லி உன் அம்மா கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ரெண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறாள். அதற்கு விதியில் தடை ஒன்றும் இல்லையே? பார்த்துச் சொல்.

அப்பா