பங்குனிச் சருகை ஆனிக்கு எடுத்து வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே சமையல் கழிவை டிரம்மில் மக்கவைத்து உரம் தயாரிக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் மாம்பழக் காலத்தில்தான் கைவிடுகிறார்கள். நாறுகிறது, புழு வைக்கிறது என்று ஒருநாள் மொத்தத்தையும் குப்பை வண்டியில் கொட்டிவிடுகிறார்கள். குறை டிரம்மில் இல்லை. அதில் சேர வேண்டிய சருகு மூன்று மாதம் முன்பே தெருவோரம் எரிந்து போயிருக்கும்.

புங்கன், வேம்பு, தூங்குமூஞ்சி எல்லாம் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கின்றன. மாம்பழத் தோல் குவிவதோ வைகாசி, ஆனியில். தோல் மட்டும் போட்டால் சாறு விட்டுக் கூழாகி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே பெருகும். அழுகிய முட்டை வாடை அவற்றால் வருவது. சருகு சாற்றை உறிஞ்சும், காற்றுக்கும் வழிவிடும்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ சமையல் கழிவு சேர்ந்தால் அது சுமார் 2 லிட்டர் இடம் பிடிக்கும். அதற்கு 4 லிட்டர் நொறுக்கிய சருகு வேண்டும். 50 கிலோ அரிசிச் சாக்கில் அமுக்கி நிரப்பினால் ஏறக்குறைய இருபது நாளைக்கு வரும். மாம்பழம் முடியும்வரை நான்கு சாக்கு இருந்தால் கவலையில்லை. மழை படாமல் வையுங்கள். மாவிலையை முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாய்போல் படிந்துவிடும்; காயவைத்து மிதித்து நொறுக்க வேண்டும். புளிய இலைக்கு அந்த வேலையே இல்லை.

மூடியுள்ள டிரம் இரண்டு வேண்டும். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றதை நிரப்பலாம். சுற்றிலும் சாண் இடைவெளியில் பென்சில் பருமன் ஓட்டைகள், அடியில் ஐந்தாறு. மூன்று செங்கல் மேல் நிழலில் வைத்து, கீழே ஒரு தட்டு. அடியில் நான்கு விரல் உயரம் தென்னை நார்க்கழிவு, அதன்மேல் ஒரு குவளை சாணிக் கரைசல். பிறகு தினமும் நறுக்கிய கழிவு ஒரு கிண்ணம், சருகு இரண்டு கிண்ணம். மேலே தெரிவது எப்போதும் சருகாக இருக்கட்டும். பழ ஈக்கு அதுவே தடுப்பு. வாரம் இருமுறை அடிவரை கம்பு விட்டுக் கிளற வேண்டும்.

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் பதம் சரி. விரலிடுக்கில் வழிந்தால் சருகு போதவில்லை. உதிர்ந்து, எறும்பும் ஏறியிருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் இது அடிக்கடி நடக்கும். மூக்கில் ஏறும் மூத்திர நெடி வந்தால் கீரைத்தண்டோ சாணியோ கூடிப்போய்த் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது என்று பொருள், அதற்கும் சருகுதான். சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்களைக் கண்டு பதற வேண்டாம். அவை கறுப்புப் படைவீரன் ஈ (Black Soldier Fly) என்ற ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும்.

இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். மாங்கொட்டை ஓடு இரண்டு மாதத்தில் மக்காது, தனியே ஒதுக்கிவிடுங்கள். பூத்த பார்த்தீனியக் களையும் கூடாது. அதன் விதையைக் கொல்லும் அளவுக்குச் சிறு டிரம்மில் சூடு ஏறாது.

நிரம்பியபின் வாரம் ஒருமுறை கிளறி 45 முதல் 60 நாள் விட்டு, மணல் சல்லடையில் சலிக்கலாம். ஈரமான ஒரு பிடியைக் கவரில் கட்டி மூன்று நாள் கழித்துப் பிரித்தால் மண்வாசனை வர வேண்டும். புளித்த வாடை வந்தால் இன்னும் பதினைந்து நாள். அரைகுறையாய் மக்கியதைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும்.

தெருவில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு விதிகளே தடுத்திருக்கின்றன. பள்ளிகளிலும் பூங்காக்களிலும் கூட்டும் சருகைச் சாக்கில் கட்டி வாசலோரம் வைக்க நகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். மரமில்லாத மாடி வீட்டுக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள். வரும் மாசிக்குள் இதைத் தொடங்கினால் அடுத்த மாம்பழத்துக்கு உதவும்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்ட வாசகர்கள்,
கிருஷ்ணகிரி.