இரண்டு ஏடும் ஒரே கையா?

அன்புள்ள கண்ணன்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மகள் படிப்பை முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள் என்பது பெரிய சந்தோஷம். அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

இனி உன் கேள்வி. 1400ஐ ஒட்டிய இந்த இரண்டு ஆங்கில ஏடுகளும் பார்த்தவுடனே ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கின்றன என்கிறாய். பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். அந்தக் காலத்து லண்டனில் எழுத்துத் தொழில் கற்றவர்கள் எல்லாருடைய கையும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி ஜாடைதான். அது பயிற்சியால் வந்த ஜாடை. நாம் தேடுவது, பயிற்சியையும் மீறி ஒருவர் கையில் தானாக விழுகிற பழக்கத்தை.

அதனால் பொதுவானதை முதலில் கழித்துவிடு. அப்போது இங்கிலாந்தில் வழக்கத்தில் இருந்த ஆங்கிலிக்கானா எழுத்துமுறையில் சின்ன ‘ஏ’ இரண்டு அறை கொண்டது. ‘ஜி’ 8 என்ற எண்ணைப் போல இருக்கும். ‘ஆர்’ வரிக்குக் கீழே நீண்டு இறங்கும். ‘டி’யின் தலை வளைந்து சுழி போடும். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய செக்ரட்டரி முறையில் ‘ஏ’ ஒற்றை அறை, ‘ஆர்’ குட்டை, எழுத்து முனைகளில் கொம்பு. இரண்டையும் கலந்து எழுதியவர்களும் ஏராளம். நீ போட்டு அனுப்பிய ஒற்றுமைப் பட்டியலில் பெரும்பாதி இந்த வகைதான். அவை எழுத்துமுறையைச் சொல்கின்றன, ஆளைச் சொல்லவில்லை.

அடுத்து மாதிரி எடுப்பது. ஏட்டின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலிருந்தும் பக்கங்கள் வேண்டும். முதல் பக்கத்தில் எழுத்தர் கவனமாக, அலங்காரமாக எழுதியிருப்பார். முப்பது இலை தாண்டிய பிறகுதான் கை தன் இயல்புக்கு வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் குறைந்தது பத்துப் பதினைந்து உருக்களை வெட்டி எடு. சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வருவதைத் தனித்தனியாக வை. ‘எஸ்’, ‘ஆர்’ போன்றவை இடத்துக்கு இடம் உருவம் மாறும். கண்ணைக் கவர்கிற உருவை மட்டும் பொறுக்காதே, சாதாரணமானதுதான் முக்கியம். பிறகு ஒவ்வொன்றையும் எத்தனை இழுப்பில் எழுதினார், பேனா எங்கே இறங்கியது, எங்கே தூக்கியது, வால் எந்தப் பக்கம் போனது என்று பார். இறகுப் பேனாவின் முனை அகலமானது. அதனால் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதிலிருந்தே இழுத்த திசையைப் படித்துவிடலாம். முடிந்த வடிவம் ஒன்றாக இருந்து, இழுத்த வரிசை வேறாக இருந்தால் நான் வேறு கை என்றே சந்தேகப்படுவேன்.

இதற்குத் தாமஸ் ஹாக்லீவைவிட நல்ல பாடம் கிடையாது. கவிஞர், அரச முத்திரைக் கடிதங்களை எழுதிய பிரிவி சீல் அலுவலகத்தில் சுமார் 35 ஆண்டுகள் எழுத்தராக இருந்து 1426இல் இறந்தவர். தன் கவிதைகளைத் தன் கையாலேயே எழுதிய மூன்று ஏடுகள் இருக்கின்றன: இரண்டு கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில், ஒன்று டர்ஹாமில். அலுவலகக் கடித மாதிரிகளை அவர் தொகுத்து வைத்த ஏடு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது, பெரும்பகுதி அவர் கைதான். இந்தக் கையின் அடையாளங்களை எச். சி. ஷூல்ஸ் 1937இலேயே ஆராய்ந்து எழுதினார். ‘டபிள்யூ’வைப் பார். மற்ற பலர் இரண்டு உயரமான கோடும் பக்கத்தில் 3 போன்ற வளைவுமாக எழுதுகிற இடத்தில், இவர் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 2 போல ஒரு வளைகோட்டை இழுக்கிறார். ‘ஒய்’யின் வால் மயிரிழையாக மெலிந்து, தூண்டில் முள் மாதிரி வலப்பக்கம் மேலே ஏறி வருகிறது. ‘ஜி’யின் தலை தட்டை. பெரிய ‘ஏ’யின் தோள் உருண்டை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் வேறு யாரிடமாவது கிடைக்கும். நான்கும் சேர்ந்து, பக்கத்துக்குப் பக்கம், கவிதையிலும் அலுவலகக் கடிதத்திலும் வருவதுதான் சான்று.

அந்தச் சான்றின் பலத்தால்தான் டாயில், பார்க்ஸ் என்ற இரண்டு சுவடியியலாளர்களும் 1978இல், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் உள்ள ஜான் கவர் என்ற கவிஞரின் ஏட்டை எழுதிய ஐந்து பேரில் ஐந்தாமவர் ஹாக்லீவ் என்று சொல்ல முடிந்தது. அவர் அதில் எழுதியது சில இலைகள் மட்டும். அவர்கள் எழுத்தோடு நிறுத்தவில்லை. தாள்கட்டுகள் (மடித்துச் சேர்த்துத் தைத்த இலைத் தொகுதிகள்) எங்கே முடிகின்றன, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எப்படித் தொடர்கிறார் என்றும் பார்த்து, மூலப்படியைக் கட்டுகட்டாகப் பிரித்துக் கொடுத்து எழுத வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார்கள். நீயும் கை மாறுகிற இடத்தைத் தாள்கட்டின் எல்லையில் முதலில் தேடு. பக்கத்தின் நடுவே திடீரென்று எழுத்து தடித்தால் அது பெரும்பாலும் புதிதாகச் சீவிய பேனா, அல்லது புது மை.

அதே ஏட்டின் இரண்டாம் எழுத்தரைத்தான் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளின் இரண்டு பெரிய ஏடுகளான ஹெங்வர்ட்டையும் எல்ஸ்மியரையும் எழுதியவர் என்று அவர்கள் அடையாளம் கண்டார்கள். 2004இல் ஆய்வாளர் லின் மூனி அந்தக் கைக்கு ஆடம் பிங்கர்ஸ்ட் என்ற பெயரைச் சூட்டினார்; கட்டுரை 2006இல் வந்தது. லண்டன் எழுத்தர் சங்கத்தின் பதிவேட்டில் 1390களில் பிங்கர்ஸ்ட் எழுதிக் கையொப்பமிட்ட உறுதிமொழியோடு ஒப்பிட்டார். சாசர் ‘ஆடம்’ என்ற தன் எழுத்தரைத் திட்டி எழுதிய சின்னக் கவிதையும் இருக்கிறது, கேட்கவா வேண்டும், உலகமெங்கும் செய்தியானது. 2011இல் ஜேன் ராபர்ட்ஸும் 2018இல் லாரன்ஸ் வார்னரும் இதை வலுவாக மறுத்தார்கள். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஹெங்வர்ட்டும் எல்ஸ்மியரும் ஒரே கை என்பதை ஏற்கிறேன், பெயரை ஏற்கத் தயங்குகிறேன். உறுதிமொழி ஒரு சின்னப் பத்தி, அதுவும் திறமையைக் காட்டுவதற்காக அலங்காரமாக எழுதியது. அவ்வளவு சிறிய மாதிரியில் பல எழுத்துகளுக்கு ஒப்பிடப் போதுமான உருக்களே கிடைக்காது. இரட்டைச் சாய்கோடு, புள்ளி போன்ற அலங்காரங்கள் தொழில் கற்ற பலருக்கும் பொது. பெயர் முதலில் மனதில் ஏறிவிட்டால் கண் அதற்கேற்பத்தான் பார்க்கும்.

எழுத்துக்கூட்டலை வைத்தே முடிவு செய்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். தனியாக அதை நம்பாதே. படியெடுப்பவர் மூலத்தில் இருப்பதை அப்படியே எழுதலாம், தன் வட்டார வழக்குக்கு மாற்றலாம், இரண்டையும் கலக்கலாம். மொழியியலாளர் ஆங்கஸ் மக்கின்டாஷ் பிரித்துக் காட்டிய மூன்று வழி இவை. 1982இல் ராம்சே, கூட்டல் வேறுபாடுகளைக் காட்டி ஹெங்வர்ட்டும் எல்ஸ்மியரும் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை என்றார். மறு ஆண்டே சாமுவேல்ஸ், ஒரே எழுத்தரின் பழக்கம் காலப்போக்கில் மாறியதாலேயே அந்த வேறுபாடு என்று பதில் எழுதினார். எனக்குச் சாமுவேல்ஸ் சொல்வதுதான் பொருந்துகிறது. எழுத்துருவுக்கு ஒரு பட்டியல், கூட்டலுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போட்டு, இரண்டும் முடிந்த பிறகு சேர்த்துப் பார்.

வேற்றுமைகளுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். உன் காகிதத்தில் அது இல்லவே இல்லை. ஒவ்வொரு வேற்றுமைக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பார்: ஏட்டின் தரம் உயர்ந்ததா, இடம் குறுகலா, வயதா, நோயா. நோய்க்கு வூஸ்டர் நகரின் நடுங்கும் கையே சாட்சி. 13ஆம் நூற்றாண்டில் அந்த ஒருவர் சுமார் 20 பழைய ஏடுகளில் ஏறக்குறைய 50,000 சொற்பொருள் குறிப்புகளை எழுதினார். எழுத்து இடப்பக்கம் சாய்கிறது, கோடு சீராக நடுங்குகிறது. 2015இல் ஒரு நரம்பியல் மருத்துவரும் ஒரு சுவடியியலாளரும் சேர்ந்து ஆராய்ந்து, அது ‘எசென்ஷியல் ட்ரெமர்’ எனப்படும் நடுக்கம் என்று முடிவு சொன்னார்கள். இப்படி உடம்பே அடையாளம் போட்டுக் கொடுப்பது மிக அபூர்வம். உன் எழுத்தருக்குக் கை திடமாகவே இருக்கிறது, நாம் வாலையும் சுழியையும்தான் நம்ப வேண்டும்.

இப்போது உன் படங்கள். முதல் ஏட்டுப் படத்தில் அளவுகோல் இல்லை. இரண்டாவது, பழைய கறுப்பு வெள்ளை நுண்படத்திலிருந்து எடுத்தது. மயிரிழைக் கோடுகள் அதில் அழிந்துபோயிருக்கின்றன, ‘ஒய்’யின் வால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மங்கிய வரிகளின் மேல் பிற்காலத்தார் யாரோ மறுபடி மை ஓட்டியதுபோலவும் இருக்கிறது. அந்த வரிகளை மாதிரியில் சேர்க்காதே. நூலகத்துக்கு எழுதி, அளவுகோலோடு, 400 டிபிஐக்குக் குறையாத வண்ணப் படங்களாக ஒவ்வொரு ஏட்டிலிருந்தும் ஆறு பக்கம் கேள். குத்துக்கோட்டின் உயரத்தையும் வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளியையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள். சுருக்கக்குறிகளையும் விட்டுவிடாதே, ‘பி’யின் காலைக் குறுக்கே வெட்டுகிற கோடு, சொல்லின் கடைசியில் வருகிற ‘எஸ்’ சுழி ஆகியவற்றை யாரும் யோசித்து எழுதுவதில்லை. எனக்கு அவைமேல்தான் அதிக நம்பிக்கை.

அதுவரை உன் கட்டுரையில் ‘ஒரே கை’ என்று போடாதே, ‘ஒரே பயிற்சி, மிக நெருங்கிய கை’ என்று போடு. படங்கள் வந்ததும் ‘டபிள்யூ’, ‘ஜி’, ‘ஒய்’ மூன்றை மட்டும் வெட்டி முதலில் அனுப்பு. நான் இங்கே தனியாக ஒரு பட்டியல் போடுகிறேன். நீ போட்டதை எனக்குக் காட்டாமல் வைத்திரு, பிறகு இரண்டையும் ஒப்பிடுவோம்.

அன்புடன்,
ராமநாதன்