முன்பணம் கொடுக்காதே, மீட்டரைப் பார்

மாப்ளே செல்வம்,

நாலு மாதமாக எழுதாததற்குத் திட்டுவதை உன் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். அம்மாவின் முட்டிக்கு இனி எண்ணெய் போதாது, டாக்டரிடம் காட்டு. முருகேசன் உன்னைக் கேட்டான். பழைய பாக்கியைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, நானும் கிளறவில்லை.

உன்னிடம் முன்பணம் கேட்கிற அந்த ஆள் கடைக்கும் வீட்டுக்கும் போட்ட ‘எனர்ஜி ஆடிட்’, அதாவது கரண்ட் எங்கே எவ்வளவு போகிறது என்ற கணக்கு, நீ அனுப்பிய அந்தப் பதினாலு பக்க அறிக்கையைப் படித்தேன். வழவழ தாள், கலர் படம், எல்லாம் இருக்கிறது. அளந்து எழுதிய எண் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சாமானின் முதுகிலும் ஒட்டியிருக்கும் வாட்டைக் குறித்து, மணியால் பெருக்கிக் கூட்டியிருக்கிறார்கள். அப்படிக் கூட்டினால் கடைக்கு இரண்டு மாதத்துக்கு 2,900 யூனிட் வருகிறது. உன் பில்லில் இருப்பது 2,050. கணக்கு பில்லோடு ஒட்டாத ஆடிட் ஆடிட்டே இல்லை. ஃப்ரீசர் கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். அதை 24 மணியால் பெருக்கியிருக்கிறான். இல்லாத அந்த 850 யூனிட்டைத்தான் ‘மிச்சம்’ என்று உனக்கே விற்கிறான்.

கடைசிப் பக்கத்தில் ‘பவர் சேவர்’ பெட்டி வேறு. உள்ளே இருப்பது ஒரு சின்ன கெபாசிட்டர். உன் வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது. கெபாசிட்டர் மாற்றுவது பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கிற கரண்டில் வேலைக்கு ஆகிற பங்கை. அது ஏறினாலும் இறங்கினாலும் மீட்டருக்குக் கவலையில்லை. அதை வாங்கினாய் என்றால் உன்னைத் திரும்பவும் ‘கப்பல்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

சரி, நீயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ராத்திரி 10 மணிக்குக் கடையைப் பூட்டும்போது ஒரு ரீடிங், காலை 6 மணிக்கு ஒன்று. இரண்டு ஃப்ரீசர், ஒரு கண்ணாடிக் கதவு கூலர், கேமரா இவ்வளவுக்கும் அந்த எட்டு மணி நேரத்தில் நாலைந்து யூனிட்தான் போக வேண்டும். ஒன்பது, பத்து காட்டினால் எங்கேயோ திருட்டு நடக்கிறது. திருடன் பெரும்பாலும் ஓயாமல் ஓடும் கம்ப்ரசராகத்தான் இருப்பான்.

கண்டுபிடிக்க மீட்டரின் சிவப்பு விளக்கே போதும். மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், உதாரணமாக 3200. ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி, 60-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் அந்த நேரத்து கிலோவாட் வந்துவிடும். 16 சிமிட்டல் என்றால் 300 வாட். பிறகு எம்.சி.பி.யை (போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கி, இறக்கி, எண்ணு. ஃப்ரீசரை அணைத்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் திரும்பப் போட வேண்டும். உடனே போட்டால் கம்ப்ரசர் திணறும்.

இதைச் செய்யும்போதே இன்னொன்றும் பார்த்துவிடு. கடை மெயினை இறக்கிவிட்டு மாடிக்குப் போய் எது நின்றிருக்கிறது என்று பார். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கிற கட்டடங்களில் தண்ணீர் மோட்டாரும் கீசரும் கடை மீட்டரில் தொங்குவது சகஜம். கடைக்கு இலவச யூனிட்டும் இல்லை, வீட்டு விலையும் இல்லை. நீங்கள் குளிக்கிற வெந்நீருக்குக் கமர்ஷியல் ரேட் கட்டிக்கொண்டிருப்பாய். அதற்காகக் கடை ஃப்ரீசரை வீட்டு மீட்டரில் மாட்டிவிடாதே, அது குற்றம். உன் புத்தி எனக்குத் தெரியும்.

ஃப்ரீசர் கதவு ரப்பரில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி, இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போயிற்று. பின்பக்கக் காயிலில் மைதா தூசி படிந்திருக்கும், பிரஷ்ஷால் தட்டு. சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடு. உள்ளே ஐஸ் கால் அங்குலத்துக்கு மேல் ஏறவிடாதே. பலகார அடுப்புக்கு நாலடியில் ஒரு ஃப்ரீசர் நிற்கிறதே, அதை முதலில் நகர்த்து, மாப்ளே. அடுப்பின் அனல் பட்டுக்கொண்டிருந்தால் கம்ப்ரசர் எப்படி ஓயும்?

யாராவது கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) கொண்டுவந்து, ஆம்பியரை 230-ஆல் பெருக்கி ‘இதுதான் வாட்’ என்றால், மோர் கொடுத்து அனுப்பிவிடு. மோட்டாருக்கும் கம்ப்ரசருக்கும் அந்தக் கணக்கு கூடுதலாகத்தான் காட்டும், பவர் ஃபேக்டர் அதில் இல்லை.

இனி வீடு. இரண்டு மாதத்துக்கு 540 யூனிட். இதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள 40 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை. கீழ்ப் படியில் கிடைக்கிற சலுகையும் சேர்ந்து போய்விடுகிறது. கூடத்திலும் அம்மா அறையிலும் பழைய ஃபேன் முழு வேகத்தில் தினம் 14 மணி நேரம் சுற்றுகிறது இல்லையா? 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் போட்டால், ஒன்றுக்கு 60 நாளில் சுமார் 38 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேனில் நீ 465-க்கு வந்துவிடுவாய்.

இதை விட்டுவிட்டு அவன் 3 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறான். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்று வைத்தாலே இரண்டு மாதத்தில் 720. உன் தேவையே 540. மத்திய அரசின் சூர்யகர் சோலார் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், கடைக்குக் கிடையாது. அதை அறிக்கையில் எழுதாமல் விட்டது மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. சோலாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபேன் மாற்றி இரண்டு பில் வரட்டும், அப்புறம் எத்தனை கிலோவாட் என்று உட்கார்ந்து பேசுவோம்.

வெயில் சூடு கீழே இறங்காமல் இருக்க மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கத் தங்கச்சி மூன்று வருடமாகச் சொல்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவள்தான் உன் வீட்டின் நல்ல ஆடிட்டர். ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் போடு.

மூன்று ராத்திரி ரீடிங் எடுத்து அனுப்பு. வழக்கம்போலப் பலகாரப் பொட்டலத் தாளில் எழுதித் தொலைத்துவிடாதே, நோட்டில் எழுது. அதுவரை அவனுக்கு ஒரு பைசா முன்பணம் கொடுக்காதே.

உன்
பாலு