குடியிருப்போர் நலச் சங்கம், தஞ்சாவூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். திறந்து பார்ப்பது அவரவர் விருப்பம்.

பொங்கல் விழா, சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. புது ஆற்றங்கரையில் நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை ஆட்டுக்குப் போயின.

இனி ஊர் உலா. "சாக்கடை அடைத்துக் கிடக்கும்போது சுற்றுலா ஒரு கேடா?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். சாக்கடைக்கு மனு கொடுத்தாகிவிட்டது. வேன் வாடகையை வந்தவர்களே பகிர்ந்துகொண்டோம், சங்கப் பணம் ஒரு பைசா போகவில்லை. பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அந்த இடங்களில் நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத்தார் ஏறிக்கொண்டார்கள்.

பெரிய கோயில் சுவரில், தஞ்சையை ஆண்ட மராத்தியரான போன்சலே வம்ச வரலாற்றை மராத்தியில் சரபோஜி மன்னர் வெட்டி வைத்தது 1803-இல். நாம் பிறந்ததிலிருந்து அதைக் கடந்துபோகிறோம். தங்கம் உருக்கும் பட்டறை வைத்திருக்கும் மகாராஷ்டிரத்துச் சாங்லிக்காரர்தான் அதில் சில வரிகளை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய 1779-ஆம் ஆண்டுத் தேவாலயத்தில், தன்னை வளர்த்து ஆளாக்கிய ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸுக்காக அதே சரபோஜி இங்கிலாந்தில் செய்வித்த பளிங்குச் சிற்பத்தைப் பார்த்தோம். மதியம் நாகூர். தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மன்னர் பிரதாப சிங் என்றதும், கூட வந்த பீகார் தம்பி நம்பவே இல்லை. நம்மவர்களில் சிலரும்தான்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வடக்கத்தியாருக்கு வீடு கொடுத்தால் தெரு கெட்டுவிடும்" என்று போன கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. இந்தத் தெருவிலேயே வீட்டுக்குள் தெலுங்கும் சௌராஷ்டிரமும் மராத்தியும் பேசுகிறவர்கள் இருக்கிறோம். நம் முன்னோரும் ஒருநாள் மூட்டையோடு வந்திறங்கியவர்கள்தானே? இப்போது நம் உறுப்பினர்களின் வயல்களில் நாற்று நடவும் மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருகிறது. வயலுக்கு வேண்டும், மாடிக்கு வேண்டாம் என்றால் எப்படி?

அப்புறம் சந்தா. வாடகைக்கு இருப்பவர்கள் தாங்களாகவே வந்து "நாங்களும் கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே உறுப்பினர் என்கிறது நம் துணைவிதி. அந்தச் சொந்த வீட்டுக்காரர்களில் பலருக்கு மூன்று வருடப் பாக்கி. சிலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு தெருவிளக்கு எரியவில்லை என்று எனக்குக் குரல்பதிவு அனுப்புகிறார்கள். விளக்கு எரிகிறது, அவர்கள் வீடுதான் பூட்டிக் கிடக்கிறது.

வரவு செலவு திருப்திகரம். விவரம் பொருளாளரிடம் உண்டு, கேட்பவர்களுக்குக் காட்டுவார். வார்டு உறுப்பினருக்கும், நாற்காலி தந்து உதவியவர்களுக்கும், இன்றைய காபிக்குப் பால் கொடுத்தவருக்கும் நன்றி.

வாடகைதாரர்களையும் சேர்க்கும் திருத்தத்தை இந்த ஆண்டும் எடுக்க முடியவில்லை, கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லை. அடுத்த ஆண்டும் இப்படியே என்றால் செயலாளர் பொறுப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வது நல்லது. சரி, பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஜிபேயும் உண்டு.