கோப்பை மூடும்போதும் பதில் வேண்டும்

புதிய நிரல்மொழிகளை வடிவமைப்போருக்கு,

வணக்கம். கோப்புச் செயற்கூறு (கோப்பைப் படிக்கவோ மூடவோ நிரல் அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) தோற்றால் எதைத் திருப்பித் தருவது என்பதை நீங்கள் ஒருமுறை முடிவு செய்கிறீர்கள். அந்த முடிவோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவன் நான். என் கோரிக்கை ஒன்றுதான்: மதிப்பு வரும் வழியிலேயே பிழையையும் அனுப்பாதீர்கள்.

சி மொழியின் 'கெட்சி' என்ற செயற்கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகத் தரும். தீர்ந்துவிட்டால் 'ஈஓஎஃப்' என்ற முடிவுக் குறியைத் தரும், பெரும்பாலும் -1. அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகவே அது ஒரு பைட் மட்டுமே கொள்ளும் 'கேர்' தராமல், அதைவிடப் பெரிய எண்வகையான 'இன்ட்' தருகிறது. இதை அறியாதவர் விடையைக் 'கேர்' மாறியில் வாங்கிவிட்டால் வந்தது வினை. 'கேர்' எதிர்ம எண்களை ஏற்கும் கணினியில் 255 என்ற பைட்டும் -1 ஆகிவிடும். ஜேபெக் படத்தின் முதல் பைட்டே 255! அந்த நிரலின் கண்ணுக்கு எல்லாப் படங்களும் வெற்றுக் கோப்புகள்தாம். எதிர்ம எண்களை ஏற்காத கணினியிலோ -1 வரவே வராது. கோப்பைப் படிக்கும் சுழற்சி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் பல நேரம் வாய் திறந்திருக்காது.

சரியாக எழுதினாலும் தொல்லை தீரவில்லை. 'கோப்பு முடிந்தது', 'வட்டைப் படிக்க முடியவில்லை' இரண்டுக்கும் அதே ஈஓஎஃப்தான். எது என்று தெரிய, பிழை நேர்ந்ததா என்று சொல்லும் 'ஃபெரர்' என்ற செயற்கூற்றைத் தனியாகக் கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்கிறார்கள்?

மூடுவதை எல்லோரும் சடங்காகவே நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். எழுதியவை வட்டுக்குப் போகுமுன் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் தேங்கி நிற்பதால், வட்டு நிறைந்த செய்தி சில நேரம் கோப்பை மூடும் 'எஃப்குளோஸ்' வழியாகத்தான் வரும். அதன் விடையை நான் பார்க்கவில்லை. 'சேமிக்கப்பட்டது' என்று என் நிரல் பெருமையாக அறிவித்தது. கோப்பில் கடைசிப் பகுதியைக் காணோம்.

புதிய மொழிகளும் இங்கே சறுக்குகின்றன. கோ மொழி பிழையைத் தனி மதிப்பாகத் தருகிறது. ஆனால் எல்லோரும் வழக்கமாகச் செய்வதுபோல், செயற்கூறு முடியும்போது ஓடச் சொல்லும் 'டிஃபர்' போட்டு மூடினால் அந்தப் பிழை காற்றோடு போகும். ரஸ்ட் மொழியில் விடையோ பிழையோ தாங்கி வரும் 'ரிசல்ட்'டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும்; கோப்பு தானாக மூடும்போது எழும் பிழையை மட்டும் ரஸ்ட் விழுங்கிவிடும். பைத்தான்போல விதிவிலக்கு எறிவதிலும், அதாவது பிழை வந்ததும் யாரும் கவனிக்காவிட்டால் நிரலையே நிறுத்துவதிலும், எனக்குச் சண்டையில்லை. சத்தமாவது கேட்கிறதே.

மூடும் செயற்கூறு எதையும் திருப்பித் தராது என்று உங்கள் வரைவில் இருந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். அதன் விடையைப் பார்க்காத நிரலைக் கம்பைலர் ஏற்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடைசிப் பகுதியைத் தொலைத்தவன்